புரிந்ததா, புரிந்ததுபோல் தெரிகிறதா?

பாடத்தின் முடிவில் 'புரிந்ததா?' என்று கேட்பது ஆசிரியர்களின் பழக்கம். வகுப்பு முழுவதும் தலையாட்டும். 'சரி, யாராவது ஒருவர் எழுந்து விளக்குங்கள்' என்று சொன்னால் எல்லாரும் மேசையைப் பார்ப்பார்கள். தலையாட்டுவது வேறு, புரிந்துகொள்வது வேறு என்பதற்கு நம் வகுப்பறையே சான்று.

மாணவர்கள் புரிந்துகொண்டார்களா என்று சோதிப்பது எளிது. வாய்மொழியாகக் கேட்கலாம், எழுதச் சொல்லலாம். பேசவும் எழுதவும் முடியாத ஒருவர் நாம் சொல்வதைப் புரிந்துகொள்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மருத்துவமனைகளில் நாள்தோறும் எழும் கேள்வி இது. இதற்கு விடை காண அறிவியல் வகுத்த வழிகளை இந்த வாரம் பார்ப்போம்.

இரண்டு கட்டில்கள்

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு தாத்தா வார்டில் படுத்திருக்கிறார். அவருடைய மகள் கோப்பிக் குவளையை நீட்டி, "அப்பா, கோப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்கிறார். தாத்தா தலையாட்டிவிட்டு வாங்கிக்கொள்கிறார். "அப்பாவுக்குப் பேச்சுதான் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் நன்றாகப் புரிகிறது" என்று மகள் தாதியிடம் சொல்கிறார்.

பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து ஒரே ஓசைதான் வருகிறது. "இவருக்கு ஒன்றும் புரியாது" என்று முடிவுசெய்த உறவினர்கள், அவருடைய நோயைப் பற்றியும் வீட்டுச் செலவைப் பற்றியும் அவர் முன்னாலேயே பேசிக்கொள்கிறார்கள்.

இரண்டு முடிவுகளுமே தவறாக இருக்கலாம். முதலாமவருக்குச் சொற்கள் புரியாமல் இருந்து, நீட்டிய குவளை மட்டும் புரிந்திருக்கலாம். அவரிடம் மருந்து சாப்பிடும் முறையை வாயால் விளக்கிவிட்டு, அவர் தலையாட்டியதை நம்பி வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து. இரண்டாமவருக்கு எல்லாமே புரிந்து, பதில் சொல்ல மட்டும் வழியில்லாமல் இருக்கலாம். அப்படியானால் அவர் படும் வேதனையை எண்ணிப் பாருங்கள்.

அஃபேசியா என்றால் என்ன?

மூளையில் மொழியைக் கையாளும் பகுதிகள் பாதிக்கப்படும்போது பேசுதல், கேட்டுப் புரிந்துகொள்ளுதல், படித்தல், எழுதுதல் ஆகிய திறன்கள் குறைகின்றன அல்லது மறைகின்றன. இந்த நிலையை அஃபேசியா என்கிறோம். தமிழில் மொழித்திறன் இழப்பு எனலாம். இதற்கு முதன்மையான காரணம் பக்கவாதம். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அந்தப் பகுதியின் உயிரணுக்கள் ஆக்சிஜன் கிடைக்காமல் இறக்கின்றன. விபத்தில் தலையில் படும் அடியும் மூளைக் கட்டியும் மற்ற காரணங்கள்.

வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு மொழியைக் கையாளும் முக்கியப் பகுதிகள் மூளையின் இடது பாதியில் அமைந்துள்ளன. இடது மூளையே உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. அதனால்தான் அஃபேசியா உள்ள பலருக்கு வலது கையும் காலும் செயலிழந்திருக்கும்.

ஒன்றை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அஃபேசியா செவிட்டுத்தன்மை அன்று, மனநோயும் அன்று. பாதிக்கப்படுவது மொழி. பழைய நினைவுகளும், உறவினரை அடையாளம் காணும் திறனும், சரி தவறு அறியும் அறிவும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

விரல்களால் சொன்ன விடை

1861ஆம் ஆண்டு. பிரான்சில், பாரிஸ் நகருக்கு அருகே உள்ள பிசேத்ர் மருத்துவமனை. அங்கே லெபோர்ன் என்ற நோயாளி பல ஆண்டுகளாக இருந்தார். எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஓர் ஓசைதான் அவரிடமிருந்து வரும். அதுவே அவருடைய பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது. அவருடைய வலப்பக்கமும் செயலிழந்திருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் மாதம், காலில் ஏற்பட்ட கடும் தொற்றுக்காக அவரை அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் புரோக்காவிடம் கொண்டுவந்தார்கள்.

பேசமுடியாத இவருக்கு நாம் சொல்வது புரிகிறதா? புரோக்கா ஒரு கேள்வி கேட்டார்: 'நீங்கள் இந்த மருத்துவமனைக்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன?' லெபோர்ன் தம் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டினார். பிறகு ஒரு விரலை நீட்டினார். நான்கு ஐந்துகள் இருபது. அதனுடன் ஒன்று, இருபத்தொன்று. அவர் அங்கு வந்து சரியாக 21 ஆண்டுகள் ஆகியிருந்தன!

மறுநாளும் புரோக்கா அதே கேள்வியைக் கேட்டார். அதே விடை கிடைத்தது. மூன்றாவது முறை கேட்டபோது, தம்மைச் சோதிக்கிறார்கள் என்று புரிந்துகொண்ட லெபோர்னுக்குக் கோபம் வந்துவிட்டது.

இந்தச் சிறு சோதனையில் எத்தனை அறிவியல் இருக்கிறது, பாருங்கள். விடை சொல்ல வாய் தேவைப்படவில்லை. நல்ல நிலையில் இருந்த இடது கை போதும். 21 என்ற எண்ணை ஊகித்துச் சொல்வது மிகக் கடினம். சோதனையை மீண்டும் செய்து பார்த்ததால், முதல் விடை தற்செயலாக வந்ததன்று என்பதும் உறுதியானது.

ஆனால் எல்லாக் கேள்விகளுக்கும் இப்படித் தெளிவான விடை கிடைக்கவில்லை. பிள்ளைகள் இல்லாத லெபோர்ன், தமக்குப் பிள்ளைகள் இருப்பதாகச் சைகை காட்டினார். கேள்வி புரியவில்லையா? சைகை தவறிவிட்டதா? சிந்தனை குழம்பியிருந்ததா? ஒரு கேள்வியை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. சில நாட்களில் லெபோர்ன் இறந்துவிட்டார். அவருடைய மூளையை ஆராய்ந்த புரோக்கா, இடது மூளையின் முன்மடலில் பாதிப்பு இருப்பதைக் கண்டார். அந்த இடம் இன்று புரோக்கா பகுதி எனப்படுகிறது.

13 ஆண்டுகளுக்குப் பின், 1874இல், கார்ல் வெர்னிக்கி என்ற 26 வயது ஜெர்மானிய மருத்துவர் இதற்கு நேர்மாறான நிலையை விவரித்தார். இவருடைய நோயாளிகள் தங்குதடையின்றிப் பேசினார்கள். ஆனால் பேச்சில் பொருள் இல்லை. பிறர் சொல்வதும் அவர்களுக்குச் சரியாகப் புரியவில்லை. இவர்களுக்குப் பாதிப்பு இடது மூளையின் பக்கவாட்டு மடலில் இருந்தது. சரளமாகப் பேசுகிறவருக்குப் புரியாமல் இருக்கலாம், பேச முடியாதவருக்குப் புரியலாம். பேச்சைக் கேட்டுப் புரிதலை அளக்கக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது. புரிதல் ஒரே இடத்தில் அமைந்ததன்று, மூளையின் பல பகுதிகள் சேர்ந்து செய்யும் வேலை என்பதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன.

குறிப்புகளை மறைத்தல்

கோப்பி கேட்ட காட்சிக்குத் திரும்புவோம். அங்கே சொற்களைத் தவிர வேறு என்னென்ன குறிப்புகள் இருந்தன? கண்முன் குவளை, கோப்பி மணம், நீட்டிய கை, கேள்விக்கேற்ற முகபாவம், வழக்கமாகக் கோப்பி குடிக்கும் நேரம். மகள் ஒரு சொல்லும் பேசாமல் இருந்திருந்தாலும் தாத்தா அதையேதான் செய்திருப்பார்.

நம் அன்றாடப் பேச்சு இப்படித்தான் குறிப்புகளால் நிறைந்திருக்கிறது. ஆகவே, சொற்களை மட்டும் சோதிக்க வேண்டுமானால் மற்றக் குறிப்புகளை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். 1962இல் இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த டெ ரென்சி, விஞ்ஞோலோ என்ற இரு மருத்துவர்கள் இதற்கென ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். அதன் பெயர் டோக்கன் சோதனை.

மேசைமேல் 20 வில்லைகள் வைக்கப்படும். வடிவம் 2 வகை: வட்டம், செவ்வகம். அளவு 2 வகை: பெரியது, சிறியது. நிறம் 5 வகை. ஆக, 2 × 2 × 5 = 20. சோதிப்பவர் கட்டளையைச் சொல்வார். நோயாளி செய்து காட்ட வேண்டும். சோதனை 5 பகுதிகளாகப் படிப்படியாகக் கடினமாகும்.

முதல் பகுதியில் 10 பெரிய வில்லைகள் மட்டும் இருக்கும். 'சிவப்பு வட்டத்தைத் தொடுங்கள்' என்பது போன்ற கட்டளைகள் வரும். இரண்டாம் பகுதியில் 20 வில்லைகளும் இருக்கும்: 'சிறிய மஞ்சள் வட்டத்தைத் தொடுங்கள்.' மூன்றாம் பகுதியில் மீண்டும் பெரியவை மட்டும், ஆனால் இரண்டைத் தொட வேண்டும். நான்காம் பகுதியில் 20 வில்லைகளிலிருந்து இரண்டு: 'சிறிய மஞ்சள் வட்டத்தையும் பெரிய பச்சைச் செவ்வகத்தையும் தொடுங்கள்.' ஐந்தாம் பகுதியில் இலக்கணம் நுழைகிறது: 'மஞ்சள் வட்டத்தைத் தொடுவதற்கு முன் சிவப்புச் செவ்வகத்தை எடுங்கள்.'

இந்தக் கட்டளைகளில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கு அதிகம் போகாதவருக்கும் தெரிந்த சொற்கள்தாம். ஆனால் ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் விடை தவறிவிடும். வட்டத்துக்கும் பச்சை நிறத்துக்கும் இயற்கையான தொடர்பு ஏதும் இல்லாததால், முன்னனுபவத்தைக் கொண்டு ஊகிக்க முடியாது.

ஊகத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று நீங்களே கணக்கிடலாம். முதல் பகுதியில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சரியாக அமைய 10இல் 1 வாய்ப்பு. இரண்டாம் பகுதியில் 20இல் 1. மூன்றாம் பகுதியில், தொடும் வரிசையையும் கணக்கில் கொண்டால், 10 × 9 = 90இல் 1. நான்காம் பகுதியில் 20 × 19 = 380இல் 1. நிகழ்தகவு எங்கே பயன்படும் என்று கேட்கும் மாணவர்களுக்கு இது நல்ல விடை.

1978இல் இதன் சுருக்க வடிவம் வந்தது. அதில் 36 கட்டளைகள் உள்ளன. முதல் முறை தவறி, மீண்டும் சொன்னபின் சரியாகச் செய்தால் அரை மதிப்பெண் உண்டு. எத்தனை ஆண்டுகள் பள்ளியில் படித்தவர் என்பதற்கேற்ப மதிப்பெண்ணைச் சரிசெய்யும் முறையும் அதில் உண்டு.

ஆம், இல்லை கேள்விகள்

எளிதாகக் கேட்கக்கூடியவை 'ஆமா, இல்லையா' கேள்விகள். ஆனால் ஊகித்தாலே பாதி சரியாகிவிடும். 10 கேள்விகளையும் ஊகித்தே சரியாகச் சொல்ல 1024இல் 1 வாய்ப்புதான். எனினும், எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றே விடை அமைந்திருந்தால், வெறுமனே தலையாட்டுகிறவர் 10க்கு 10 வாங்கிவிடுவார்! ஆகவே பாதிக் கேள்விகளுக்கு விடை 'இல்லை' என்று இருக்க வேண்டும். கேள்விகளை இணையாகக் கேட்பது இன்னும் நல்லது: 'எருமை பல்லியைவிடப் பெரியதா?', 'பல்லி எருமையைவிடப் பெரியதா?' இரண்டுக்கும் சரியாகச் சொன்னால்தான் மதிப்பெண். தலையாட்டி வைப்பவருக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அஃபேசியா உள்ள சிலர் 'இல்லை' என்று நினைத்து 'ஆம்' என்று சொல்லிவிடுவார்கள். நம்மவர்கள் தலையை இருபுறமும் லேசாக ஆட்டினால் 'சரி' என்று பொருள். இது தெரியாத மருத்துவர் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளலாம். அதனால் படத்தைத் தொட்டுக் காட்டும் சோதனைகளும் சேர்த்தே செய்யப்படுகின்றன.

தவறான விடை சொல்லும் செய்தி

நான்கு படங்கள்: கால், கல், கை, மரம். சோதிப்பவர் 'கால்' என்கிறார். நோயாளி கல்லைத் தொட்டால், குறில் நெடில் ஓசையைப் பிரித்தறிவதில் சிக்கல் இருக்கலாம். கையைத் தொட்டால், உடலுறுப்பு என்ற அளவில் புரிந்திருக்கிறது, சரியான பொருள் பிடிபடவில்லை எனலாம். திரும்பத் திரும்ப மரத்தைத் தொட்டால், சொல் எந்த வகையிலும் போய்ச் சேரவில்லை என்று கருதலாம். மூன்றுமே தவறான விடைகள்தாம். ஆனால் மூன்றுக்கும் தேவைப்படும் சிகிச்சை வேறு. ஒரே தவறைக் கொண்டு முடிவுசெய்யாமல், பல சொற்களைச் சோதித்து, எந்த வகைத் தவறு அதிகம் என்று பார்ப்பார்கள்.

அடுத்து வாக்கியம். 'பாட்டி கோப்பியைக் குடித்தார்' என்பதில் பாட்டி, கோப்பி, குடி என்ற மூன்றும் புரிந்தாலே போதும். கோப்பி பாட்டியைக் குடிக்காது! 'அக்காள் துரத்திய தம்பி', 'அக்காளைத் துரத்திய தம்பி' என்ற இரண்டையும் பாருங்கள். யார் யாரைத் துரத்தினார் என்பதை 'ஐ' என்ற ஒரே வேற்றுமை உருபு மாற்றிவிடுகிறது. கராமாட்சா, சூரிஃப் என்ற ஆய்வாளர்கள் 1976இல் ஆங்கிலம் பேசும் நோயாளிகளிடம் செய்த ஆய்வு இங்கே முக்கியமானது. புரோக்கா வகை அஃபேசியா உள்ளவர்கள் ஊகிக்கக்கூடிய வாக்கியங்களை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். இலக்கணத்தை மட்டும் நம்ப வேண்டிய வாக்கியங்களில் தடுமாறினார்கள். புரிதல் குறைவில்லாதவர்கள் என்று அதுவரை கருதப்பட்டவர்கள் அவர்கள்!

எந்த மொழியில் சோதிப்பது?

மலேசியர்களாகிய நமக்கு இந்தக் கேள்வி மிகவும் நெருக்கமானது. வீட்டில் தமிழ், வேலையிடத்தில் மலாய், கடிதங்களில் ஆங்கிலம் என்று வாழ்ந்தவரை ஒரே மொழியில் சோதித்துவிட்டு 'புரியவில்லை' என்று எழுதுவது நியாயமாகாது. பக்கவாதத்துக்குப் பின் எல்லா மொழிகளும் ஒரே அளவில் மீண்டு வருவதில்லை.

தமிழ்ச் சோதனையை அப்படியே மொழிபெயர்த்தாலும் பயனில்லை. கால், கல் என்ற ஓசை ஒற்றுமை மலாயில் இருக்காது. 'அஞ்சிங் மெங்கெஜார் கூச்சிங்' என்றால் நாய் பூனையைத் துரத்துகிறது. 'அஞ்சிங் டிகெஜார் கூச்சிங்' என்றால் நாயைப் பூனை துரத்துகிறது. தமிழில் பெயரோடு சேரும் 'ஐ' செய்யும் வேலையை மலாயில் வினையின் முன்னொட்டு செய்கிறது. ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் சோதனையைப் புதிதாக அமைக்க வேண்டும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷேல் பாரடி இந்த அடிப்படையில் உருவாக்கிய இருமொழி அஃபேசியா சோதனை 1987இல் வெளிவந்தது.

மாறிகளைக் கட்டுப்படுத்துதல்

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தது நினைவிருக்கிறதா? இங்கே நாம் மாற்றுவது வாக்கியத்தின் கடினம். கவனிப்பது நோயாளியின் விடை. மற்றவை விடையைப் பாதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

• செவித்திறனை முதலில் சோதிக்க வேண்டும். காது கேட்கும் கருவி அணிபவராக இருந்தால், அணிந்திருக்க வேண்டும்.

• இடது மூளை பாதிக்கப்பட்ட சிலருக்குப் பார்வையின் வலது பாதி தெரியாது. அவர்களுக்குப் படங்களைப் பக்கவாட்டில் பரப்பாமல் மேலும் கீழுமாக அடுக்க வேண்டும்.

• சிலருக்குக் கட்டளை புரியும், ஆனால் சொன்ன அசைவைச் செய்யக் கை ஒத்துழைக்காது. எளிதாகத் தொட்டுக் காட்டும் சோதனை அவர்களுக்கு ஏற்றது.

• சோதிப்பவர் விடையிருக்கும் பக்கம் பார்க்கக் கூடாது. சைகை காட்டக் கூடாது. உடனிருக்கும் உறவினரும் உதவக் கூடாது.

• களைத்திருக்கும்போது சோதிக்கக் கூடாது. வேறொரு நாள் மீண்டும் செய்து பார்ப்பது நல்லது.

சோதனைக்குப் பின்

இப்போது அந்த இரண்டு கட்டில்களுக்குத் திரும்புவோம். பேச்சு சிகிச்சையாளர் முறையாகச் சோதித்தால், முதலாமவருக்கு ஒற்றைச் சொற்கள் புரிகின்றன, நீண்ட வாக்கியங்கள் புரியவில்லை என்று தெரியவரலாம். அப்போது மருந்து விளக்கத்தைப் படம் வரைந்து, ஒவ்வொரு படியாகச் சொல்வார்கள். இரண்டாமவர் பெரும்பாலான கட்டளைகளைச் சரியாகச் செய்துகாட்டினால், அவரைப் பற்றிய முடிவுகளை இனி அவரிடமே கேட்க வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டிலோ உறவிலோ அஃபேசியா உள்ளவர் இருந்தால், சோதனையில் மறைத்த குறிப்புகளையெல்லாம் அன்றாட வாழ்வில் தாராளமாகக் கொடுங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அவர் முகம் பார்த்துப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு செய்தி போதும். பொருளைக் காட்டுங்கள், சைகை செய்யுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். சத்தம் போட வேண்டாம்; காது நன்றாகவே கேட்கும். குழந்தையிடம் பேசுவதுபோல் பேச வேண்டாம், அவர் பெரியவர்.

ஒருவருக்குத் திடீரென்று பேச்சு குழறினாலோ, சொல்வது புரியாமல் போனாலோ, அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். சரியாகிவிடும் என்று காத்திராமல் உடனே 999க்கு அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் மூளையின் உயிரணுக்களைக் காப்பாற்றும் நேரம்.

செய்து பாருங்கள்

தடித்த அட்டையில் 20 வில்லைகள் வெட்டி வண்ணம் தீட்டுங்கள். நண்பருக்கு 5 பகுதிகளிலிருந்தும் தலா 2 கட்டளைகள் கொடுங்கள். பிறகு வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டு, அதே அளவு கடினமான புதிய கட்டளைகளைக் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பகுதியில் தவறுகள் கூடுகின்றன? இது விளையாட்டுக்காக மட்டுமே. நோயாளிகளைச் சோதிப்பது பயிற்சி பெற்றவர்களின் பணி.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. லெபோர்னிடம் 'நீங்கள் இங்கே 21 ஆண்டுகளாக இருக்கிறீர்களா?' என்று புரோக்கா கேட்டிருந்தால், அந்தச் சோதனையின் வலிமை கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? ஏன்?

2. நான்கு படங்களில் ஒன்றைத் தொடும் சோதனையில் 20 கேள்விகள். ஒருவர் 5 மதிப்பெண் பெற்றார். அவருக்கு 5 சொற்கள் புரிந்தன எனலாமா?

3. உங்கள் பாட்டிக்கு ஒரு சோதனை தயாரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்க்கையில் எந்தெந்த மொழிகளை, எங்கெங்கே பயன்படுத்தினார் என்று அவரிடமே கேட்டுப் பட்டியலிடுங்கள்.